பழைய இருப்பு என்ற பெயரில் குளத்துப் பந்துகள்: ஓசூர் பக்கம் கோல்ஃப் ஆடுவோர் கவனத்திற்கு

ஓசூரில் விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், பிரிக்கப்படாத பழைய இருப்பு என்று சொல்லி, யூரித்தேன் என்ற நெகிழியால் ஆன மேலுறை கொண்ட உயர்ரக கோல்ஃப் பந்துகள் நான்கு டஜனை எனக்கு விற்றார்கள். விலை, புதுப் பந்தின் விலையில் பாதிக்குச் சற்று மேல். அவை பழைய இருப்பு அல்ல. ஆட்டத்தின்போது மைதானத்துக் குளத்தில் விழுந்து கிடந்து, வாரி எடுக்கப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, நிறுவன முத்திரை மறுபடி அச்சிடப்பட்ட பந்துகள். இங்குள்ள தொழிற்சாலைகளில் பணியாற்றி, வார இறுதியில் ஓசூர், பெங்களூரு வட்டார மைதானங்களில் ஆடுபவர்கள் இன்று கணிசமாக இருப்பதால், நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

பெட்டி எங்கே என்று கேட்டபோது கடைக்காரர் சொன்ன பதில்: “மழையில அட்டைப்பெட்டி நனைஞ்சு போச்சு சார், அதனாலதான் கவர்ல போட்டு வச்சிருக்கோம். பந்துக்கு எக்ஸ்பைரியே கிடையாது, அஞ்சு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்.” இதில் இரண்டாவது வாக்கியம் ஏறக்குறைய உண்மை என்பதுதான் சிக்கல். விவரம் தெரிந்த ஆட்டக்காரர்கள்கூட அதைக் கேட்டுத் தலையாட்டிவிடுவார்கள்.

ஒரு காலத்தில் பந்தின் உட்கருவைச் சுற்றி ரப்பர் இழையை இறுக்கி இழுத்துச் சுற்றியிருப்பார்கள். காலம் போகப் போக அந்த இழை தளர்ந்து பந்தின் விசை குறையும். 2000-ஆம் ஆண்டில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 என்ற திடக்கருப் பந்து வந்த பிறகு, தொழில்முறை ஆட்டத்திலிருந்து இழைப் பந்துகள் வெகு விரைவில் மறைந்தன. இன்றைய பந்தின் நடுவே இருப்பது பாலிபியூட்டடீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆன திடமான கரு. அதன் மேல் அயனோமர் என்ற இன்னொரு நெகிழியாலோ யூரித்தேனாலோ ஆன உறை. இழுத்துக் கட்டிய பகுதி எதுவும் அதில் இல்லாததால், அறை வெப்பநிலையில் ஈரம் படாமல் வைத்திருந்தால் ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் அதன் ஆட்டத்தில் மாற்றம் தெரியாது. கடைக்காரர் விட்டுவிட்டது அந்த நிபந்தனையைத்தான். எத்தனை ஆண்டுப் பந்து என்பதைவிட, அத்தனை ஆண்டும் எங்கே கிடந்தது என்பதே கேள்வி. அவருடைய கிடங்கு கிருஷ்ணகிரிப் பக்கம் தகரக் கூரையின் கீழ் இருப்பதாகப் பிற்பாடு அவரே சொன்னார். சித்திரை, வைகாசி வெயிலில் தகரத்தின் அடியில் நிலவும் வெப்பத்தை அறை வெப்பநிலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். (நம்மில் பலர் பந்துகளைக் கார் டிக்கியிலேயே ஆண்டு முழுவதும் விட்டுவைக்கிறோம், அதுவும் கூடாது.)

வெப்பத்தையாவது விவாதத்திற்கு உரியதாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு அந்தச் சலுகை இல்லை. கோல்ஃப் பந்து தண்ணீரைவிட அடர்த்தியானது என்பதால் விழுந்ததும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் நீர் மேலுறையைக் கடந்து உள்ளே புகுகிறது. கிடக்கும் காலம் நீள நீளக் கருவின் துள்ளல் குறைந்து, அடிக்கும் தூரமும் குறைகிறது. வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிய பிறகு, ஒரு வாரம் கிடந்த பந்தையும் ஓராண்டு கிடந்த பந்தையும் பார்வையால் பிரித்தறிய முடியாது. அதற்கு மேல் வண்ணமும் பூசினால் இன்னொரு கேடு சேர்கிறது. பந்தின் மேலுள்ள குழிகளின் ஆழம் கால் மில்லிமீட்டர் அளவுதான். காற்றின் இழுவையைக் குறைத்துப் பந்தை மிதக்க வைப்பதே அந்தக் குழிகள்தான். அவற்றில் வண்ணம் தேங்கினால் பந்து பறக்கும் விதமே மாறிவிடும்.

எனக்குச் சந்தேகம் வந்தது சத்தத்தில்தான். டிரைவர் என்னும் தொலைதூர மட்டையால் நன்றாகப் பட்ட அடிகளும் மந்தமாக ஒலித்து, வழக்கமாக விழும் இடத்துக்கு முன்பாகவே விழுந்தன. உடன் வந்த கேடி (மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளர்) ஒரு பந்தை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “இது குளத்துப் பந்து சார், மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க” என்றார். வீட்டில் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தபோது முத்திரையும் வெள்ளைப் பூச்சும் சேர்ந்து கரைந்தன. ஒன்றின் அடியில் ஏதோ நிறுவனத்தின் சின்னம் இருந்தது. மற்றொன்றில் முன்பு அதை ஆடியவர் அடையாளத்துக்கு மார்க்கர் பேனாவால் வைத்த சிவப்புப் புள்ளிகள் இருந்தன. தெரிந்த நகைக் கடைத் தராசில் நிறுத்தபோது, சில பந்துகள் விதிகள் அனுமதிக்கும் 45.93 கிராமைத் தாண்டியிருந்தன.

குளத்துப் பந்து விற்பது தவறென்று நான் சொல்லவில்லை. பயன்படுத்திய பந்து என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்கப்படுபவற்றைப் பயிற்சிக்கு நானும் வாங்குகிறேன். அதைப் புதியது என்று விற்பதுதான் மோசடி.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. மூன்று பந்துகள் கொண்ட சிறு பெட்டி பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும். இறக்குமதியான பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளிலேயே உள்ளது. கவரில் போட்டு விற்கும் பந்துகளில் இவை எதுவும் இருக்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மறுபூச்சுப் பந்தின் குழி ஓரங்கள் கூர்மையிழந்து மழுங்கித் தெரியும். பில்லில் பந்தின் பெயரும் ‘புதியது’ என்ற சொல்லும் இருக்குமாறு எழுதி வாங்குங்கள்; எனக்குத் தந்த பில்லில் ‘விளையாட்டுப் பொருள்’ என்று மட்டுமே இருக்கிறது.

கரைந்த பந்துகளோடு போய்க் கேட்டபோது, தங்களுக்கு வந்த சரக்கே அப்படித்தான் என்று கைவிரித்த கடைக்காரர், பணத்துக்குப் பதிலாக வேறு பந்துகள் தருவதாகச் சொன்னார். அவர் எடுத்து நீட்டியவையும் அதே மாதிரிக் கவரில்தான் இருந்தன. வாங்கிக்கொள்ளாமல் திரும்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. அசிட்டோனில் துடைத்த பந்துகளையும் துடைக்காத பந்துகளையும் தனித்தனியே சான்றாக எடுத்து வைத்திருக்கிறேன். இதே கடையில் இப்படி வாங்கியவர்கள் இருந்தால் பந்துகளைத் தூக்கிப் போடாமல், பில்லோடு வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.