பகாவ் கோயில் மண்டபத்து ஆர்மி வகுப்பு: பிள்ளையை அனுப்பலாமா?

எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு நம் மலேசிய ஆர்மிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காக, ஓய்வு பெற்ற ராணுவ சார்ஜன் ஒருவர் சனிக்கிழமை மாலையில் பகாவில் ஒரு கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறார். அதைப் பற்றிப் பல பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். என் தம்பி அங்கேதான் போகிறான், அவனை ஏற்றிக்கொண்டு போவது நான் என்பதால் நானும் பின்னால் உட்கார்ந்து கேட்பேன். கட்டாயம் அனுப்புங்கள். படிவம் 5 முடிவதற்கு முன்பே அனுப்பினால் இன்னும் நல்லது.

ஓட்டம், தண்டால் எல்லாம் சொல்லித்தர ஊரில் ஆள் இருக்கிறது, 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகப் பள்ளித் திடல் போதும். சார்ஜன் அண்ணனிடம் கிடைப்பது வேறு. நம் பையன்கள் "ஆர்மியில் சேரணும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தக் கோர் (ராணுவத்தின் துறைப் பிரிவு), அங்கே காலையில் எழுந்தால் என்ன வேலை, வெளியே வரும்போது கையில் என்ன சான்றிதழ் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை, வீட்டிலும் கேட்பதில்லை. அவர் முதல் நாளே பலகையில் 21 என்று எழுதிவிட்டு ஆரம்பிக்கிறார். சாதாரணச் சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 21 ஆண்டு சேவை. பத்தொன்பதில் சேர்ந்தவன் நாற்பதில் வெளியே வந்து நிற்பான், பிள்ளைகள் அப்போதுதான் ஆரம்பப் பள்ளியில் இருப்பார்கள். அதற்கு மேல் இருபது வருஷம் உழைக்க வேண்டும். ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் என்ற முன்னாள் படைவீரர் நலக் கழகம் தொழிற்பயிற்சி தருகிறது, ஆனால் ஏற்கெனவே ஒரு கைத்தொழிலோடு அங்கே போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அவர் தன் கூட்டாளிகளின் கதையாகவே சொல்கிறார். பையன்கள் மூச்சுவிடாமல் கேட்கிறார்கள்.

அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, போன ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமல் நீயாகச் செய்த வேலை எல்லாவற்றையும் எழுது என்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். என் தம்பி கப்சாய் மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ததை எழுதினான். அவர் அதைப் படித்துவிட்டு, எந்த ஸ்பேனர், ஜெட்டை எதால் குத்தினாய், திரும்பப் பூட்டும்போது எந்த ஸ்குரூ மிச்சம் வந்தது என்று கால் மணி நேரம் கேட்டார். கடைசியில், ராணுவத்தின் வண்டி, துப்பாக்கி, ஜெனரேட்டர் எல்லாம் பழுது பார்ப்பது கே.ஜே.எல்.ஜே.டி. என்ற மின்பொறி, இயந்திரப் பொறியாளர் கோர், நீ அதைப் பற்றிப் படித்துக்கொண்டு வா என்றார். தோட்ட ஸ்டோரில் கணக்கு எழுத அப்பாவுக்கு உதவும் ஒரு பையனுக்கு ஆர்ட்னன்ஸ் கோரைப் பற்றிச் சொன்னார், சாமான், வெடிமருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாட்டிக்கு இன்சுலின் ஊசி போட்டுவிடுகிற பெண் பிள்ளைக்கு சுகாதாரக் கோர், அந்தக் கோர்காரர்கள் வேலை செய்யும் வங்சா மாஜு துவாங்கு மிசான் ராணுவ மருத்துவமனையைப் பற்றியும் சொன்னார். பாலம், கண்ணிவெடி, தண்ணீர் விநியோகம் என்றால் ஜுருதேரா, அதாவது பொறியாளர் படை. ரேடியோ, தகவல் தொடர்பு என்றால் செம்போயான், அதாவது சமிக்ஞைப் படை. லாரி, எண்ணெய், சமையல் எல்லாம் சேவைக் கோர், கனரக வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு வெளியே என்றைக்கும் வேலை உண்டு.

காலாட்படைக்குப் போக ஆசைப்படுகிறவனை அவர் தடுப்பதில்லை. 1933இல் போர்ட்டிக்சனில் தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கு மட்டும்தான், நமக்கு ரெஞ்சர் இருக்கிறது, எல்லா இனத்தவரும் இருக்கும் படை, அதில் இருப்பது பெருமை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார். கமாண்டோ கனவோடு வருகிற பையன்களிடம்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார். அது படிவத்தில் டிக் அடித்து வாங்குகிற வேலை இல்லை தம்பி, முதலில் போர்ட்டிக்சனில் 6 மாத அடிப்படைப் பயிற்சி, அப்புறம்தான் மலாக்கா சுங்கை ஊடாங்கில் கமாண்டோ பயிற்சி, அதில் பாதியில் திரும்புகிறவர்கள் ஏராளம், திரும்பினால் நீ எந்தக் கோரில் இருக்க விரும்புவாய் என்று கேட்பார். பதில் சொல்லத் திணறுகிற பையன் அடுத்த வாரம் பதிலோடு வருகிறான்.

அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. அங்கே அஸ்வாப் என்று ஒரு தேர்வு, அந்த மதிப்பெண்ணை வைத்து வேலையைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம், 11பி என்றால் காலாட்படை, 68டபிள்யூ என்றால் போர்க்கள மருத்துவ உதவியாளர். நம் நாட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே உன் விருப்பத்தைச் சொல்லலாம், தகுதியைக் காட்டலாம், எங்கே போடுவது என்ற முடிவு ராணுவத்தின் கையில் என்று அவர் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறார். அதனால்தான் எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழ், தொழிற்கல்லூரி டிப்ளோமா, ஓட்டுநர் உரிமம் என்று கையில் இருப்பதை எல்லாம் நேர்முகத் தேர்வில் மேசையில் வைக்கச் சொல்கிறார். மூன்று விருப்பம் எழுது, மூன்றாவது கிடைத்தாலும் மனசு விட்டுப்போகாத மாதிரி எழுது என்பது அவர் தரும் வீட்டுப்பாடம்.

கண் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவரிடம் பழைய இஷிஹாரா புத்தகம் ஒன்று இருக்கிறது, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்குமே, அது. ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, பகல் வெளிச்சத்தில் காட்டுகிறார். ஒரு பக்கத்தில் நாம் 74 என்று படிப்பதைச் சிவப்பு, பச்சை பிரிக்க முடியாதவர்கள் 21 என்று படிப்பார்கள். ஒரு பையன் தயங்காமல் 21 என்றான். அவனுக்கு வயது பதினேழு, அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டு, வகுப்பு முடிந்தபின் அவனையும் அம்மாவையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். முதலில் கண் மருத்துவரிடம் போய் உறுதி செய்யுங்கள், ராணுவ மருத்துவப் பரிசோதனையில் இது பெரிய தடை, கையில் வேறு வழியும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பையன் இப்போது தொழிற்கல்லூரியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறான். பயிற்சி, கனவு, வழியனுப்பு விருந்து எல்லாம் முடிந்து தேர்வு நாளில் தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

குறை இல்லாமல் இல்லை. கடற்படை, விமானப்படை பற்றி அவருக்குச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. நம் நாட்டுக் கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதியாக 1967இல், 31 வயதில் பொறுப்பேற்றவர் தனபாலசிங்கம், ஒரு தமிழர், அதை அவர் ஒவ்வொரு புது மாணவனிடமும் சொல்கிறார், கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் லூமூட் கடற்படைத் தளத்தில் ஒரு மெக்கானிக் என்ன செய்கிறான் என்று கேட்டால் விவரம் இல்லை. ஓய்வு பெற்ற கடற்படைக்காரர் யாராவது சிரம்பான் பக்கம் இருந்தால் மாதம் ஒரு தடவை வந்து பேசலாம். இன்னொன்று நேரம். வகுப்பு இரவு ஒன்பது வரை இழுக்கிறது, தோட்டத்து உள்ளிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்கு அந்நேரம் செம்பனைக் காட்டுப் பாதையில் திரும்பிப் போவது சிரமம். ஒரு மணி நேரம் முன்னதாக ஆரம்பித்தால் இன்னும் நான்கு பெண் பிள்ளைகள் வருவார்கள் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கட்டணம் கிடையாது, நோட்டு நகலுக்கு மட்டும் சில வெள்ளி. ராணுவத்துக்கு விண்ணப்பிக்கவும் காசு வேண்டாம், எல்லாம் இணையத்தில்தான். எங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்து, பணம் கொடுத்தால் நல்ல கோரில் இடம் வாங்கித் தருகிறேன் என்றார். அப்படி யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதல் முறை வருபவர்கள் பள்ளிச் சான்றிதழ்களின் நகல், தொழில் சான்றிதழ் ஏதாவது இருந்தால் அது, கண்ணாடி போடுகிறவர்கள் பவர் எழுதிய சீட்டு எல்லாம் கொண்டு வாருங்கள். முடிந்தால் அப்பாவோ அம்மாவோ கூட வரட்டும், பின்னால் நாற்காலி இருக்கிறது.