பறவையோடு முடித்திருக்கலாமா?

டென் குளோவர்ஃபீல்ட் லேன் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்று முறையும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், தம்பியின் லேப்டாப்பில்தான். தீபாவளி நெருங்கிவிட்டால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எந்தத் தையல்காரிக்கும் தூக்கம் கிடையாது. ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே ஏதாவது ஒரு படத்தை ஓடவிடுவேன். பாதிப் படம் காதில்தான் விழும். இந்தப் படம் கொக்கியைக் கீழே வைக்க வைத்தது.

2016-இல் வந்த படம். இயக்குநர் டான் டிராக்டன்பெர்க்குக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். மிஷெல் கட்டிக்கொள்ளப் போகிறவனை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். விபத்து. கண் திறந்தால் சிமென்ட் அறை, கையில் டிரிப், காலில் சங்கிலி. ஹோவர்ட் என்ற கனத்த ஆள் சாப்பாட்டுத் தட்டோடு வருகிறார். வெளியே தாக்குதல் நடந்துவிட்டது, காற்றெல்லாம் விஷம், உன்னைக் காப்பாற்றியது நான்தான் என்கிறார். பூமிக்கடியில் அவரே கட்டிவைத்த இடம். கூடவே எம்மெட் என்ற இளைஞன். மொத்தக் கதையும் இந்த மூன்று பேர்தான்.

ஹோவர்டாக வரும் ஜான் குட்மேன் கத்தும்போது பயமாக இல்லை. சாந்தமாகப் பேசும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. மூவரும் உட்கார்ந்து சொல் விளையாட்டு ஆடும் காட்சி ஒன்று உண்டு. எம்மெட் மிஷெலைக் காட்டி, இவள் யார் என்று குறிப்பு கொடுக்கிறான். வர வேண்டிய சொல் 'பெண்'. ஹோவர்டுக்கு அது வாயில் வரவே இல்லை. சிறுமி, குழந்தை, இளவரசி என்று சுற்றிச் சுற்றி வருகிறார். சிரிப்புக் காட்சி மாதிரிதான் எடுத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அந்த உடை. மிஷெலுக்கு ஆடை வடிவமைப்பாளர் ஆக ஆசை. தப்பிப்பதற்காகக் குளியலறையின் பிளாஸ்டிக் திரையை வெட்டி, விஷக்காற்று புகாத உடை ஒன்றை ரகசியமாகச் செய்கிறாள். பிளாஸ்டிக்கைத் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துணியில் ஊசித் துளை மூடிக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் மூடாது. நெருக்கித் தைத்தால் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழியும். தையலை எட்டி எட்டிப் போட்டு மேலே டேப் ஒட்டத்தான் வேண்டும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே "டேப் போடும்மா, டேப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போட்டாள். மிஷெலாக வரும் மேரி எலிசபெத் வின்ஸ்டெட் வசனம் இல்லாமலேயே, கையாலும் கண்ணாலுமே யோசிக்கிறார். படத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

இனிமேல் முடிவைப் பற்றி. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹோவர்ட் நல்லவர் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. எம்மெட்டைச் சுட்டுவிடுகிறார். மிஷெல் அமிலப் பீப்பாயை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே வருகிறாள். வானத்தில் பறவைகள். காற்றில் விஷம் இருந்தால் பறவை எப்படிப் பறக்கும்? முகமூடியைக் கழற்றி மூச்சு விடுகிறாள். என் தம்பி கட்சியினர் இங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் தூரத்தில் ஏதோ மிதக்கிறது. வேற்றுக்கிரகக் கப்பல்! கடைசிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஜந்து, பச்சைப் புகை, ஓட்டம், தீப்பந்து.

"அக்கா, வேற படத்த கொண்டாந்து ஒட்டிட்டாங்க லா" என்றான் தம்பி. அதில் பாதி நியாயம். 'த செல்லார்' என்று தனிக்கதையாக எழுதப்பட்டதுதான் இது. 2008-இல் வந்த குளோவர்ஃபீல்ட் என்ற ஜந்துப் படத்தின் பெயர் பிறகு சேர்ந்தது. ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது, நூல் நிறமும் வேறு. அதுவரை மூச்சுச் சத்தத்தை வைத்தே பயமுறுத்திய படம் திடீரென்று வெடிச்சத்தத்துக்கு மாறுகிறது. ஒரு பாட்டில் சாராயத்தை வைத்துக் கப்பலையே வீழ்த்துவதெல்லாம் எனக்கும் கொஞ்சம் அதிகம்தான்.

ஆனாலும் பறவையோடு முடித்திருந்தால் ஹோவர்ட் வெறும் பொய்யர் ஆகியிருப்பார். வெளியே ஆபத்து என்று சொன்னது நிஜம் என்பதுதான் இங்கே குரூரம். எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. 1948 ஜூனில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில்தான் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த அவசரகாலம் வந்தது, 1960 வரை போனது. தொழிலாளர்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களை ஒன்றாக்கி முள்கம்பி வேலி கட்டினார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கடத்திவிடுவார்கள் என்று கேட்டில் தூக்குச்சட்டி வரை சோதனை. பாட்டிக்கு அப்போது பதினைந்து வயது. சோதனை என்ற பெயரில் ஒருத்தன் கை எங்கெல்லாம் போனது என்பதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். "காட்டுல துப்பாக்கி இருந்ததும் நெசம், கேட்டுல அவன் நின்னதும் நெசம்" என்பார். காட்டைக் காட்டியே கேட்டில் நின்றவனைப் பற்றி யாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தீராத ஆத்திரம்.

கடைசியில் காரில் ரேடியோ பேசுகிறது. ஒரு பக்கம் பத்திரமான இடம், இன்னொரு பக்கம் ஹூஸ்டன், அங்கே உதவிக்கு ஆள் வேண்டும். மிஷெல் வண்டியை நிறுத்தி யோசித்து, ஹூஸ்டன் பக்கம் திருப்புகிறாள். படம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்த பெண். அந்தத் திருப்பத்துக்காக ஜந்துவைப் பொறுத்துக்கொள்வேன்.

போன வாரம் மறுபடி போட்டோம். பறவை பறந்ததும் தம்பி நிறுத்தும் பொத்தானைத் தட்டி, "முடிஞ்சிச்சிக்கா" என்று சொல்லிவிட்டு செம்பனை ஆலைக்கு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான். மோட்டார் சத்தம் முனை திரும்பும் வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டேன்.