மலைச்சரிவில் வீடு: மண்ணை வெட்டுவதா, தளத்தைப் பிரிப்பதா, தூணில் நிறுத்துவதா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மனை போடுகிறவர்கள் முதலில் செய்வது ஜேசிபி விட்டுச் சமன் செய்வதுதான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் இறந்த பிறகும் இந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. வேறு வழிகளோடு ஒப்பிட ஒரே மனையை எடுத்துக்கொள்வோம். சரிவு 4 அடிக்கு 1 அடி. வீடு சரிவின் போக்கில் 10 மீட்டர், குறுக்கே 12 மீட்டர். மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் மட்டம் 2.5 மீட்டர் மாறும்.

முழுக்க வெட்டிச் சமன் செய்தால் 150 கன மீட்டர் மண் வெளியே வரும். வெட்டிய மண் உப்பி ஏறக்குறைய 190 ஆகும். அதைப் பெரும்பாலும் பக்கத்து ஓடையிலோ சரிவிலோதான் கொட்டுகிறார்கள். மண்ணை வெளியேற்றாமல், மேலே வெட்டியதைக் கீழே நிரப்பினால் வெட்டு 37.5 கன மீட்டராகக் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வீட்டின் பாதி கெட்டி நிலத்திலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, ரோலர் ஓட்டாத நிரப்பு மண் ஓரிரு மழைக்காலத்தில் அமுங்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டின் மேல் சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடும். பூச்சு போட்டு மூடினாலும் திரும்ப வரும்.

முழு வெட்டில் பின்னால் எழும் 2.5 மீட்டர் தடுப்புச்சுவர்தான் பெரிய தலைவலி. காய்ந்த மண் அதை மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1.9 டன் விசையில் தள்ளும். பின்புறம் நீர் தேங்கினால் அது 4 டன்னாகிவிடும். சுவர் விழுவது பெரும்பாலும் கல் குறைந்ததால் அல்ல, நீர் வடியாததால். சுவருக்குப் பின்னே 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு 40 மி.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டித் துணி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 மி.மீ. குழாய்த் துளை: இவ்வளவுதான் வேண்டும். துணியை மிச்சம் பிடிக்கப் போய்த் துளைகள் சேற்றில் அடைத்துக்கொள்கின்றன.

தளத்தை இரண்டாகப் பிரித்து, ஐந்தைந்து மீட்டராகப் படியிறக்கினால், நிரப்பே இல்லாமல் வெட்டு 75 கன மீட்டரோடு நிற்கும். சுவர் இரண்டு, ஒவ்வொன்றும் 1.25 மீட்டர். மண்ணின் தள்ளுவிசை உயரத்தின் இருமடியில் ஏறுவதால் ஒவ்வொரு சுவருக்கும் கால் பங்குதான் வரும். உள்ளே இரு தளங்களுக்கிடையே 8 படிகள். முதியவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் நுழைவுத் தளத்திலேயே இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகே காட்டுச் சரிவில் 1961ல் முடிந்த ஹாலன் குடியிருப்பு இப்படிப் படியிறங்கும் வரிசை வீடுகள்தான். நெருக்கமாகக் கட்டியும் சரிவைச் சிதைக்காமல் இருக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

தூணில் நிறுத்தினால் மண்ணை அநேகமாகத் தொடவே வேண்டாம், மழைநீர் அடியில் தன் வழியே போகும். சிக்கல் நிலநடுக்கத்தில். மேல் ஓரத் தூண் 1.25 மீட்டர், கீழ் ஓரத் தூண் 3.75 மீட்டர் என்று வைப்போம். ஒரே குறுக்களவில் குட்டைத் தூண் 27 மடங்கு விறைப்பு, அதனால் பக்கவாட்டு விசை பெரும்பாலும் அதன் தலையில் விழுந்து முதலில் அதுவே உடையும். குட்டைத் தூணைச் சுற்றிக் குழி விட்டு அதன் திறந்த நீளத்தைக் கூட்டலாம், நெட்டைத் தூண்களுக்குக் குறுக்குச் சட்டம் கொடுக்கலாம். பிறகு குடியிருப்பவர் அடியை அடைத்து அறை கட்டினால் எல்லாக் கணக்கும் போச்சு.

எங்கள் தீர்ப்பு: இந்தச் சரிவுக்குப் பிரித்த தளம். நீர்வழி குறுக்கிடும் துண்டில் மட்டும், எடை குறைந்த ஒற்றைத் தளத்துக்குத் தூண். வண்டி நிறுத்தும் அளவுக்கு மேல் சமவெட்டு வேண்டாம். 3 அடிக்கு 1 அடியை விடச் செங்குத்தான மனையை வாங்காமலிருப்பதே மலிவு.

கட்டட விதி சொல்லும் உயர வரம்பு இதையெல்லாம் காட்டாது. வீடு 7 மீட்டர் என்று விதிக்கு உட்பட்டு நின்றாலும், கீழே 4 மீட்டர் நிரப்புச் சுவர் இருந்தால் எதிர் மலையிலிருந்து 11 மீட்டர்ச் சுவராகத்தான் தெரியும்.

எந்த முறையானாலும் 120 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 12,000 லிட்டர். அது தடுப்புச்சுவருக்குப் பின்னே இறங்கக் கூடாது. கழிவுநீர் உறிஞ்சுகுழியையும் சுவருக்கு மேற்புறம் வைக்கக் கூடாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. மனை விற்பவரிடம் வண்ணப் படத்தை விட, பழைய தரைக்கோடும் புதிய தரைக்கோடும் சேர்ந்து தெரியும் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள்.