மேடவாக்கம் மொட்டமாடியும் நிக்கான் 200-500ம்: ரெண்டு வருஷம் பருந்து எடுத்த அனுபவம்

இந்த லென்ஸ வாங்குறதுக்கு முன்னாடி நான் பாத்த ரிவ்யூ எல்லாமே எங்கயோ காட்டுக்குள்ள ஜீப்ல உக்காந்து எடுத்த படத்த காட்டி சொன்னதுதான். எனக்கு காடும் இல்ல ஜீப்பும் இல்ல. சென்னை மேடவாக்கத்துல மூணாவது மாடி வீடு, மேல மொட்டமாடி, வாட்டர் டேங்க், பக்கத்து காம்பவுண்ட்ல ஒரு வயசான வேப்பமரம், அவ்ளோதான் நம்ம சரணாலயம். அதனால வீட்ட விட்டு ரொம்ப நகராம பருந்து, வல்லூறு எடுக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு மட்டும் இது. கேமரா நிக்கான் டி7200, லென்ஸ் ஏஎஃப்-எஸ் 200-500 எஃப் 5.6, செகண்ட் ஹேண்ட்ல 62 ஆயிரத்துக்கு எடுத்தேன்.

மொதல்ல நான் முட்டாளா இருந்த கதைய சொல்லிடுறேன். 500 எம்எம் கைக்கு வந்தா வானத்துல புள்ளியா சுத்துறத கூட இழுத்துப் புடிச்சிடலாம்னு ஒரு நெனப்பு. வாங்கின மொத வாரமே பள்ளிக்கரணை போய்ட்டேன், சதுப்பு நிலம் நமக்கு பக்கம்தான, 2022ல ராம்சர் லிஸ்ட்ல (உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்) வேற சேத்தாங்க. குளிர்காலத்துல அங்க சேற்றுப் பூனைப்பருந்து வரும், றெக்கைய லேசா வி மாதிரி தூக்கி வெச்சுக்கிட்டு கோரைக்கு மேல தாழ்வா ஆடி ஆடி போகும், நீர்க்கோழி எல்லாம் ஒரே நேரத்துல அலறி ஓடும். நூறு மீட்டர் தூரத்துல நின்னு காலைல பத்து மணிக்கு நானூறு படம் தட்டினேன். வீட்டுக்கு வந்து பாத்தா ஒண்ணு கூட தேறல, எல்லாமே தண்ணிக்கு அடியில எடுத்த மாதிரி கலங்கிப் போயிருக்கு. லென்ஸ் போச்சுடா, ஏமாந்துட்டோம்டான்னு ரெண்டு நாள் தூக்கம் இல்ல.

லென்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல. தார் ரோட்டுல வெயில் நேரத்துல அல அலையா தெரியுமே, அதே சமாச்சாரம்தான், வெயில் ஏறினதும் தரையில இருந்து சூடான காத்து கெளம்பி நடுவுல ஆடுது. சென்னையில எட்டரை, ஒம்போது மணிக்கு மேல தூரத்துல இருக்குறத எந்த லென்ஸ் வெச்சு எடுத்தாலும் இதே கததான், பத்து லட்ச ரூபா லென்ஸுக்கு வேற காத்தா வீசும்?

அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன். டி7200ல 500 எம்எம் வெச்சா நூறு மீட்டர் தூரத்துல ஃப்ரேம் அகலம் கிட்டத்தட்ட நாலே முக்கா மீட்டர். அதுல புறா சைஸ் இருக்குற வல்லூறு 6000 பிக்சல்ல ஒரு 400 பிக்சல் வரும், அதாவது வாட்ஸப் டிபிக்கு கூட கொஞ்சம் யோசிக்கணும். அதே வல்லூறு பத்து மீட்டர்ல வந்து உக்காந்தா ஃப்ரேம் அகலமே 45 சென்டிமீட்டர் சொச்சம்தான், பறவை ஃப்ரேமுக்குள்ள அடங்காம திணறும். ஆக இது தூரத்துல இருக்குறத கிட்ட கொண்டு வர்ற லென்ஸ் இல்லீங்க, கிட்ட வந்தத இன்னும் கிட்ட காட்டுற லென்ஸ். இது மண்டையில ஏறின அன்னிக்குதான் எனக்கு இந்த லென்ஸோட மதிப்பே புரிஞ்சுது, மொட்டமாடியோட மதிப்பும்தான்.

எங்க வேப்பமரத்துக்கு வல்லூறு வர்றது அணிலாலதான் தெரியும். காலைல ஆறரைக்கு கத்திக்கிட்டே இருக்குற அணில் எல்லாம் பொசுக்குன்னு வாய மூடும், இல்லன்னா ஒண்ணு மட்டும் ஒரே சுதியில விடாம கத்தும். ஒரு ஜனவரி காலைல அப்பிடித்தான், டேங்க் நெழல்ல கைப்பிடி சுவர் மேல லென்ஸ வெச்சு காத்துக்கிட்டு இருந்தேன், எதிர்ல இருக்குற காஞ்ச கொப்புல ஓணானோட வந்து உக்காந்துச்சு. அதிகம் போனா பத்து பதினொரு மீட்டர். எடது கால்ல ஓணான கொப்போட சேத்து அமுக்கிக்கிட்டு, தலைய ஒரு தரம் எம் பக்கம் திருப்பி பாத்துட்டு, அப்புறம் என்னய மதிக்கவே இல்ல, கிழிச்சு கிழிச்சு சாப்புட ஆரம்பிச்சுடுச்சு. கண்ணு ரத்தச் செவப்பு, அப்போ ஆண், பொண்ணுக்கு மஞ்ச ஆரஞ்சுல இருக்கும். தொண்டைக்கு நடுவுல மை வெச்சு இழுத்த மாதிரி ஒரு சன்னக் கோடு. அலகு நுனில ஓணான் செதில் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தது வீட்டுக்கு வந்து ஜூம் பண்ணும்போதுதான் தெரிஞ்சுது, நேர்ல கண்ணுக்கு தெரியவே இல்ல. இந்த ஒரு படத்துக்கே குடுத்த காசு செரிச்சுடுச்சு.

ஆனா அந்த படத்துலயே பாடமும் இருக்கு. பத்து மீட்டர்ல எஃப் 5.6ல (லென்ஸோட தொறப்பு முழுசா தெறந்த நெலை) ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னபின்ன கூர்மையா தெரியுற அளவு, ஒம்போது சென்டிமீட்டர் கிட்டதான், ஒரு சாண்ல பாதி கூட வராது. கண்ணு கூர்மையா இருக்கும், வாலு கரைஞ்சு போயிருக்கும். தொறப்ப சுருக்கி எஃப் 8 வெச்சா வாலு கொஞ்சம் தேறும், ஆனா காலை வெளிச்சத்துல ஐஎஸ்ஓ எகிறி படம் பொரிப்பொரியா வரும். நான் 5.6லயே வெச்சுட்டு ஃபோகஸ் புடிக்கிற சிங்கிள் பாயின்ட்ட கண்ணு மேல வெப்பேன், வாலு போனா போவுது.

சரி லென்ஸுக்கு வரேன். எடை 2300 கிராம், கேமரா பாடியோட சேத்தா மூணு கிலோ. கைல தூக்கி வானத்த பாத்து அஞ்சு நிமிஷம் நின்னீங்கன்னா தோள்பட்ட பேசும். வீட்ல இருந்து எடுக்கும்போது இது பெரிய பிரச்சன இல்ல, பழைய தலகாணி உறைல ரேஷன் அரிசி மூணு கிலோ கட்டி சுவர் மேல போட்டு அதுல லென்ஸ சாய்ச்சுடுவேன் (அம்மா மொதல்ல திட்டினாங்க, அப்புறம் அந்த அரிசிய யாரும் சாப்புடுறது இல்லன்னு அவங்களுக்கே தெரியும்). ஜூம் ரிங்க ஒரே திருப்புல 200ல இருந்து 500க்கு கொண்டு போக முடியாது, கைய மாத்தி ரெண்டாவது தரம் திருப்பணும், அதனால மாடில நான் 500லயே விட்டுடுவேன். கை ஆட்டத்த சமாளிக்குற விஆர்ல ஸ்போர்ட்னு ஒரு மோட் இருக்கு, பறக்குறத கேமராவ திருப்பிக்கிட்டே எடுக்கும்போது அதுல போடுங்க, வ்யூஃபைண்டர்ல படம் குதிக்காது. ஃபோகஸ் வேகம் விலைக்கேத்த வேகம். ஆறு மீட்டருக்கு உள்ள ஃபோகஸ் தேடாம தடுக்குற லிமிட்டர் சுவிட்ச்ச போட்டு வெச்சா பக்கத்துல இருக்குற எலைய எல்லாம் தேடிப் போகாம சீக்கிரம் புடிக்குது.

பறக்குறதுக்கு ஷட்டர் வேகம் 1/2000 செகண்டுக்கு கொறையாம வைங்க. கள்ளப்பருந்து வானத்த பாக்க எடுத்தா கருப்பு அட்டைய வெட்டி ஒட்டின மாதிரி வரும், எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் (வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஏத்தினாத்தான் றெக்கைக்கு அடியில இருக்குற பழுப்பு தெரியும். செம்பருந்துக்கு நேர்மாறு, தலையும் நெஞ்சும் வெள்ள வெளேர்னு இருக்குறதால வெயில்ல பாத்தா கொஞ்சம் எறக்கணும், இல்லன்னா மூஞ்சி எரிஞ்சு போயிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க, இதுல அப்பர்ச்சர், அதான் லென்ஸ் தொறப்பு, மின்காந்தத்துல ஓடுறது, டி90 மாதிரி பழைய பாடில அத கன்ட்ரோல் பண்ண முடியாது. பாடி பழசா இருந்தா ரெண்டு தரம் செக் பண்ணிட்டு காச குடுங்க. செகண்ட் ஹேண்ட்னா மொபைல் டார்ச்ச பின்னாடி இருந்து அடிச்சு முன்னாடி பாருங்க, செலந்தி வல மாதிரி ஏதாவது தெரிஞ்சா ஃபங்கஸ், நன்றி வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க. நான் மொதல்ல ஆன்லைன்ல புடிச்ச ஒருத்தர் சுத்தமா இருக்குன்னு சத்தியம் பண்ணாரு, நேர்ல போய் டார்ச் அடிச்சா உள்ள ஒரு தோட்டமே இருந்துச்சு.

நம்ம ஊரு ஈரத்துக்கு இத துணி பீரோல எல்லாம் வெக்காதீங்க, அப்பிடி வெச்சு ஏற்கனவே ஒரு கிட் லென்ஸ காவு குடுத்தவன் சொல்றேன். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40ல இருந்து 50க்குள்ள நிக்கணும். ஏசி ரூம்ல இருந்து நேரா மாடிக்கு தூக்கிட்டு போனா கண்ணாடி மொத்தமும் வேர்த்து ஊத்தும், நான் அஞ்சரைக்கே ஹால்ல வெச்சுடுவேன்.

மாடில இவ்ளோ பெரிய லென்ஸோட நிக்கிறதுல இன்னொரு தலவலி இருக்கு, அக்கம்பக்கம். ஒரு மாசம் கழிச்சு எதிர் வீட்டு அக்கா கேட்டேவிட்டாங்க, "தம்பி, அந்த பீரங்கிய வெச்சு எங்க வீட்டையா பாத்துக்கிட்டு இருக்க?" நியாயமான கேள்விதான. ஓடிப்போய் கேமரா ஸ்க்ரீன்ல செம்பருந்து படத்த காட்டினேன், "அட கருடன்!"னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அன்னிலருந்து அவங்கதான் நம்ம அலாரம், "தம்பி உன் கழுகு வந்திருக்கு"ன்னு ஃபோன் வரும். அவங்களுக்கு எல்லாமே கழுகுதான், ஒரு தரம் ஓடிப்போய் பாத்தா செண்பகப் பறவை, நம்ம செம்போத்து.

சில பேரு கோழிக்கட கழிவ மாடில போட்டு பருந்த எறக்கி படம் எடுக்குறாங்க. தயவுசெஞ்சு வேணாம், காக்கா, நாய், நாத்தம், சண்ட எல்லாம் சேந்து வரும், அந்த படமும் பாத்தா பருந்து குப்பத்தொட்டில மேயுற படமாதான் இருக்கும். கூடு இருந்தாலும் அந்தப் பக்கம் லென்ஸ திருப்பாதீங்க. போன வருஷம் அந்த வேப்பமரத்துலயே வல்லூறு சுள்ளி கொண்டு போறத பாத்துட்டு ரெண்டு மாசம் நான் டேங்க்குக்கு அந்தப் பக்கம் போகல.

மிரர்லெஸ் கேமராவுக்கான நிக்கான் இசட் 180-600 லென்ஸ் 2023ல வந்ததுலருந்து மாத்தலாமேன்னு நண்பர்கள் நச்சரிக்கிறாங்க. ஜூம் பண்ணா லென்ஸ் நீளாது, ரிங் லேசா திருப்பினா போதும், ட்ரைபாட் மாட்டுற காலரோட 2140 கிராம், நல்ல லென்ஸ்தான், கைல எடுத்தும் பாத்தேன். ஆனா பாடியும் சேத்து மாத்தணும், அந்த காசுக்கு எங்க வேப்பமரம் ஒண்ணும் ஒரு அடி கிட்ட வந்துடாது. மிரர்லெஸ் பாடி ஏற்கனவே இருந்தா அதையே வாங்குங்க. பழைய டிஎஸ்எல்ஆரும், பத்து பன்னெண்டு மீட்டர்ல ஒரு மரமும் இருக்குறவங்களுக்கு 200-500 தாராளம், அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரைய கொறைச்சது என் தோள்பட்டைக்காக.