சிவப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை பிரிண்ட் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழாவுக்கோ கபடிக்கோ டி-ஷர்ட் அடிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். பஞ்சாயத்து முடியாததால் கடைப் பெயரைப் போடவில்லை.

எங்கள் ஊர்ப் பசங்களுக்கு 60 சிவப்பு டி-ஷர்ட், நெஞ்சில் வெள்ளையில் காளைப் படம். ஸ்கிரீன் பிரிண்ட் என்று பேசிப் பாதிப் பணம் கொடுத்தோம். சாம்பிளாகத் தந்தது நல்ல பருத்தி. விழாவுக்கு முந்தின ராத்திரி வந்து இறங்கியது பாலியஸ்டர். கடைக்காரரைக் கேட்டால், "தம்பி, திருப்பூர்ல இந்த லாட்டுதான் இருந்துச்சு, இதுதான் நல்லா உழைக்கும்" என்றார். அந்த நேரத்தில் வேறு எங்கே போவது?

விழாவன்று வெள்ளையாக இருந்த காளை அடுத்த வாரம் ரோஸ் கலர். "நீங்க போட்ட சோப்பு சரியில்லை" என்றார். ஒரு தண்ணீர்கூடப் படாமல் கவரிலேயே கிடந்த சட்டையை எடுத்து மேஜையில் போட்டோம். அதுவும் ரோஸ்தான். அதற்குப் பிறகு சோப்புப் பேச்சு வரவில்லை.

நடந்தது இதுதான். பாலியஸ்டரில் ஏற்றிய சாயம் சூடு பட்டால் ஆவியாகி, மேலே இருக்கும் மையில் ஏறிக்கொள்ளும். சிவப்பும் மெரூனும் இதில் ரொம்ப மோசம். அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்தும் கிளம்பும். தொழில் தெரிந்தவர்கள் குறைந்த சூட்டிலேயே வெந்து இறுகும் பாலியஸ்டர் மையை எடுப்பார்கள், இல்லை சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிக்கோட் போட்டு அதன்மேல் வெள்ளை அடிப்பார்கள். இவர் பருத்திக்கு வைத்திருந்த பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை டப்பாவையே திறந்துவிட்டார்.

வேகவைத்ததும் அரைகுறை. சாதாரண பிளாஸ்டிசால் அடிவரைக்கும் 160 டிகிரி வாக்கில் சூடேறினால்தான் துணியைப் பிடிக்கும். பட்டறையில் பிரிண்ட்டைச் சீராக வேகவைக்கும் கன்வேயர் டிரையர் மெஷின் இல்லை, ஆணியில் சூடான காற்று ஊதும் ஒரு ஹீட் கன் தொங்குகிறது. அதைக் கையில் பிடித்துக் காட்டினால் சூடு எப்படிச் சீராக இறங்கும்? எங்கள் காளையின் கொம்புப் பக்கம் துணியே சுருங்கி மினுங்குகிறது. வால் பக்கத்தை இழுத்தால் வறண்ட ஏரி மாதிரி வெடிக்கிறது.

ஆர்டர் கொடுக்கும்முன் அதே துணியில், அதே மையில் ஒன்று அடித்து வாங்கி, பிரிண்ட்டை இழுத்துப் பாருங்கள், துவைத்துப் பாருங்கள், பத்து நாள் வைத்தும் பாருங்கள். துணியில் சந்தேகமா, ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். துணி, மை, கலர் எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் "டி-ஷர்ட் பிரிண்ட் 60" என்பதோடு சரி.

இப்போது மேலே ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறாராம், அதற்குத் தனிக் காசாம். ஒட்டுகிற சூட்டில் மறுபடி சாயம் ஏறாதா என்றால் பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். மீதிப் பணம் எங்களிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு மட்டும் தவறாமல் போன் வருகிறது.