எதிர்மலை லயத்துக்கு வைஃபை கொண்டு போக எது சரி?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வாசலில் நின்றால் எதிர்ச் சரிவில் மாமா இருக்கும் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், தகரக் கூரை தெரியும். நடுவில் ஓடையும் தேயிலையும். நேர்க்கோட்டில் சுமார் 400 மீட்டர். எங்களிடம் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அங்கே போனில் ஒரு கோடு வந்தாலே அதிகம். உயர்தரம் படிக்கும் மாமா மகள் ஆன்லைன் வகுப்புக்குக் கோயில் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

முதலில் எல்லோரும் சொல்வது ரிப்பீட்டர். வேண்டாம். அது வீட்டுக்குள் இரண்டு அறை தாண்டுவதற்கானது. வாங்கியதை அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகமும் பாதியாகும். அதைவிட, தேயிலைக்கு நடுவில் கரண்டுக்கு எங்கே போவது?

லேன் வயர் 100 மீட்டரோடு சரி. அதற்குள் அடங்கினாலும் வீட்டுக்கு வீடு செப்புக் கம்பி இழுக்க நான் சம்மதிக்க மாட்டேன். பின்வீட்டுக்கு 60 மீட்டர் இழுத்திருந்தோம். ஏப்ரல் மாதத்து இடிமழையில் ஒரே மின்னல், ரவுட்டரின் போர்ட் கருகிவிட்டது.

ஃபைபர் வயரே இழுத்தால் அந்தப் பயம் இல்லை, கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. தூரமும் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஆனால் தூண் நடத் தோட்ட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். புதைத்தாலோ பன்றி கிளறும், கவ்வாத்து நேரத்தில் கத்தி படும்.

நாங்கள் போட்டது சிபிஇ ஜோடி, அதாவது ஒன்றை நோக்கி ஒன்று திருப்பி வைக்கும் வெளிப்புற வைஃபை ஆன்டெனாக் கருவிகள். டிபி-லிங்க் சிபிஇ510 போன்ற 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள், கூரைக்கு ஒன்று. டேட்டாவும் கரண்டும் ஒரே வயரில் ஏறும். ஒரு கூரை மறு கூரையைப் பார்க்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நேர்க்கோட்டில் கூரை தெரிந்தால் மட்டும் போதாது. இந்தத் தூரத்துக்கு நடுவழியில் அந்த நேர்க்கோட்டைச் சுற்றி இரண்டேகால் மீட்டராவது வெளியாக இருக்க வேண்டும். பனிமூட்டம் சிக்னலைத் தின்றுவிடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். கண்ணுக்கு எதிர்மலையே தெரியாத நாளிலும் எங்கள் இணைப்பு அசையவில்லை. கெடுப்பது நனைந்த இலை. நிழல் மரக் கிளைகள் தழைத்ததும் சிக்னல் பலம் மைனஸ் 61 டிபிஎம் (சிக்னலை அளக்கும் அலகு) இருந்தது மைனஸ் 76க்கு இறங்கியது. கிளை வெட்டிய வாரமே பழையபடி ஏறிவிட்டது. இடையில் கொஞ்சம் இலை இருந்தே தீரும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிபிஇ210 கூடுதலாகத் தாங்கும். ஆனால் சுற்றிலும் வெளியும் கூடுதலாகக் கேட்கும்.

நடுவில் மலைமுகடே மறித்தால் இது நடக்காது. அப்போது கூரையில் வெளி ஆன்டெனாவோடு 4ஜி ரவுட்டர்தான், அதுவும் டவர் பக்கம் திறந்திருந்தால். மாதாமாதம் தனி டேட்டாக் காசு. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க்குக்கு வானம் திறந்திருந்தால் போதும், ஆனால் ஒரு லயத்து வீடு தனியாகக் கட்டுகிற காசில்லை.

எங்களுக்குத் திசை பிடிக்கவே அரை நாள் ஆனது. மாமா மகள் அங்கே கூரையடியில் நின்று சிக்னல் விளக்குகளை எண்ணிப் போனில் சொல்லச் சொல்ல, நான் இங்கே விரலளவு விரலளவாகத் திருப்பினேன். எல்லா விளக்கும் எரிந்த இடத்தில் கிளாம்பை இறுக்கினோம். மறுநாள் வகுப்புக்கு அவள் மேட்டுக்குப் போகவில்லை.