ஆய்லரின் பகா எண்ணா, லூக்காவின் பகா எண்ணா?

இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை: 2-ஐ அடுக்கி, 1-ஐக் கழிக்க வேண்டும். அடுக்கு 31 என்றால் 2147483647. 127 என்றால் 39 இலக்கம். முன்னதைப் பகா எண் என்று 1772-ல் நிறுவியவர் கணிதவியலர் ஆய்லர். பின்னதை 1876-ல் பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா.

ஆய்லர் வகுத்தே பார்த்தார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பகாக் காரணி ஏதும் இருந்தால், அதை 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். வர்க்கமூலமான 46340 வரை தேடினால் போதும்; அதுவரை அப்படிப்பட்ட எண்கள் 373தான். அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம்.

லூக்காவின் எண்ணிடம் இந்த வித்தை பலிக்காது. 20 இலக்கம் வரை காரணி தேட ஆயுள் போதாது! அவர் வழியில் காரணி தேடலே இல்லை. கணிதவியலர் லெமர் பின்னாளில் எளிமையாக்கிய வடிவம் இது: 4-ல் தொடங்கு, வர்க்கமாக்கி 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடு, அந்த மீதியோடு திரும்பச் செய். 31 என்ற சிறிய எண்ணுக்கே (2-ன் அடுக்கு 5, கழித்தல் 1) செய்து பார்ப்போம்: 4, 14, 194 (மீதி 8), 62 (மீதி 0). அடுக்கு 5, மூன்றே படி, பூச்சியம் வந்துவிட்டது. ஆகவே பகா எண். அடுக்கு 127 என்றால் 125 படி.

புழக்கத்தில் ஆய்லருடையதுதான் ஜெயிக்கிறது: கணினியில் குறியுள்ள (கூட்டல், கழித்தல் குறி ஏற்கும்) 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு அதுவே. என் ஓட்டு லூக்காவுக்கு. 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண் யார் கைக்கும் சிக்கவில்லை.